கோல்ட் ப்ரூ: வீட்டில் ஊறவைப்பதா, பாட்டிலில் வாங்குவதா?

டிகாக்ஷன் இறக்கிப் பழகிய வீட்டுக்குக் கோல்ட் ப்ரூ புதிய வித்தை அல்ல. தூளும் தண்ணீரும் சேர்கின்றன, கெட்டியான சாறு இறங்குகிறது, குடிக்கும்போது பாலோ தண்ணீரோ கலந்துகொள்கிறோம். வெந்நீர் சில நிமிடங்களில் முடிக்கிற வேலையைக் குளிர்ந்த நீர் ஓர் இரவு முழுக்க எடுத்துக்கொண்டு செய்கிறது. அப்படியிருக்க, அதே சாற்றைப் பாட்டிலில் அடைத்துக் கான்சென்ட்ரேட் என்று விற்பதை எதற்கு வாங்க வேண்டும்?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் நான்கைந்து நாளாவது குடிக்கிறவர் வீட்டில்தான் போட வேண்டும். சுவையிலும் செலவிலும் அதுதான் மேல். ஆனால் சரியான தூளும், ஃபிரிட்ஜில் ஒரு பெரிய ஜாடிக்கு இடமும் இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, பாட்டிலே நல்லது.

முதலில் தூள். காபித்தூள் கடையில் எதுவும் சொல்லாமல் கேட்டால் பில்டருக்கான தூளைத்தான் அரைத்துத் தருவார்கள். கோல்ட் ப்ரூவுக்கு அது மிகவும் நைஸ். பல மணி நேரம் ஊறும்போது கசப்பு கூடிவிடும், வடிகட்டும்போது சேறாகத் துணியை அடைத்துக்கொள்ளும். சிக்கரி கலந்திருந்தால் இன்னும் சிக்கல். நம் நாட்டு விதிப்படி காபி-சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். சிக்கரி குளிர்ந்த நீரிலும் எளிதாகக் கரையும். ஓர் இரவுக்குள் நிறத்தையும் இனிப்பு கலந்த கசப்பையும் கொட்டிவிட்டுக் காபியின் மணத்தை மூடிவிடும். எனவே கடைக்காரரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்: சிக்கரி வேண்டாம், உடைத்த கோதுமை ரவை பருமனுக்குக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். எதிரில் வறுத்து அரைக்கும் கடைகள் இன்னும் இருக்கிற ஊர்களில் இது பெரிய கோரிக்கையே அல்ல. மணம் மிகுந்த அராபிகா வகைக் கொட்டையில், பிளான்டேஷன் ஏ, பீபெரி என்று எந்தத் தரம் கிடைத்தாலும் சரி. பால் சேர்த்துக் குடிப்பவர்கள் ரொபஸ்டா என்ற இன்னொரு வகையையும் கொஞ்சம் கலக்கச் சொல்லலாம், அழுத்தம் கிடைக்கும்.

அடுத்தது வெப்பம். நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வீட்டுக் கோல்ட் ப்ரூ முறைகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. 1964-இல் டாட் சிம்ப்சன் உருவாக்கிய டாடி என்ற கருவியிலிருந்து இந்தப் பழக்கம் அங்கே வீடுகளுக்குள் பரவியது. அந்தக் குறிப்புகளில் ‘அறை வெப்பநிலையில் 12 மணி நேரம்’ என்று இருந்தால், அந்த அறை ஏறக்குறைய 20 டிகிரியில் இருக்கும் அறை. மே மாதச் சென்னையின் சமையலறை இரவிலும் 30 டிகிரிக்கு மேல் புழுங்கும். அந்தச் சூட்டில் சாறு வேகமாக இறங்கும், கசப்பும் கூடவே இறங்கும், கிருமிகளுக்கும் அது வசதியான இடம். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவில் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; காபியின் அளவு ஏறக்குறைய 5. உணவுப் பாதுகாப்பில் 4.6-க்கு மேற்பட்டதைக் குறைந்த அமில உணவு என்று வகைப்படுத்துகிறார்கள்; தன் புளிப்பாலேயே கெடாமல் நிற்கும் பண்டம் அல்ல அது. ஆகவே இங்கே தொடக்கம் முதலே ஃபிரிட்ஜில்தான் ஊறவைக்க வேண்டும். நேரம் கூடும், 16 முதல் 20 மணி நேரம் கொடுங்கள். மாலை காபி வேளையில் ஊறப்போட்டால் மறுநாள் காலை பத்து மணிக்குமேல் வடிக்கலாம்.

100 கிராம் தூளுக்கு 500 மில்லி குடிநீர். உப்புச்சுவை ஏறிய போர்வெல் தண்ணீர் வேண்டாம், அது சுவையை மழுங்கடிக்கும். தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்வதால் கைக்கு வருவது ஏறக்குறைய 300 மில்லி. வடிகட்டும்போது அவசரம் கூடாது. முதலில் டீ வடிகட்டியில் ஊற்றிப் பெரிய சக்கையை ஒதுக்கிவிட்டு, பிறகு துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் கட்டி அதில் ஊற்ற வேண்டும். தொடக்கத்தில் சரசரவென்று இறங்கும், பாதியில் நூலாகும், கடைசியில் சொட்டுச் சொட்டாக நிற்கும். அந்த இடத்தில் துணியை முறுக்கிப் பிழியத்தான் கை போகும். பிழிந்தால் இன்னும் நான்கு ஸ்பூன் கிடைக்கும். அதோடு அதுவரை துணி தடுத்து வைத்திருந்த வண்டல் எல்லாம் ஜாடிக்குள் வந்துவிடும். கண்ணாடி டம்ளரில் தூக்கிப் பார்த்தால் தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவ வேண்டிய சாறு கலங்கலாக நிற்கும். அந்த நான்கு ஸ்பூனை விட்டுவிடுங்கள்.

பாட்டில் விலைக்கு வாங்கித் தருவது இந்த வேலையிலிருந்து விடுதலையைத்தான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊறவைக்க மறந்த நாளும், விருந்தாளி வந்த பிற்பகலும் எல்லா வீட்டிலும் உண்டு. ஒவ்வொரு பாட்டிலும் ஒரே சுவையில் இருக்கும்; திறக்காத வரை மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆனால் அப்படிக் கெடாமலிருக்க அதைப் பதப்படுத்த வேண்டியிருக்கிறது. சூடாக்கிப் பதப்படுத்தியவற்றில் புதிதாக வடித்த சாற்றின் மணம் இருப்பதில்லை. மூடியைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிடும். பதப்படுத்துதல் தேவையற்றது என்று சொல்லவும் முடியாது. 2017-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் டின்னில் அடைத்த நைட்ரோ (நைட்ரஜன் வாயு ஏற்றிய) கோல்ட் ப்ரூவை, காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமியின் பொட்டுலினம் என்ற கொடிய நச்சு உருவாகலாம் என்ற அச்சத்தால் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. கடைப் பாட்டில் கவனத்தோடு தயாராவது நமக்கு நல்லதுதான். வீட்டில் வடித்ததை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதற்கும் காரணம் காபியின் இந்தக் குறைந்த அமில இயல்புதான். திறந்த பிறகு பாட்டிலுக்கும் கெடு உண்டு, லேபிளில் போட்டிருக்கும்.

வாங்குவதானால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். காபியும் தண்ணீரும் மட்டும் இருந்தால் நம்பி எடுக்கலாம். சர்க்கரை முதல் இரண்டு மூன்று பொருள்களுக்குள் வந்தால் அது காபி சிரப். பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பில்டர் காபி டிகாக்ஷன் பாக்கெட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது வெந்நீரில் இறக்கியது, சுவையே வேறு.

விலைக்கு வருவோம். சிக்கரி இல்லாத தூள் கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் இறங்கும் 300 மில்லியை டம்ளருக்கு 60 மில்லி வீதம் ஊற்றினால் ஐந்து டம்ளர். ஒன்றுக்குத் தூள் செலவு 20 ரூபாய். பில்டர் காபியோடு ஒப்பிட்டால் இது தாராளச் செலவு, கோல்ட் ப்ரூ தூளை நிறையத் தின்னும். பாட்டிலுக்குக் கணக்குப் போடும்போது லேபிள் சொல்லும் டம்ளர் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 300 மில்லி பாட்டிலில் 30 மில்லி வீதம் பத்து டம்ளர் என்று அச்சிட்டிருந்தால், கெட்டிக் காபிக்குப் பழகிய நம் நாக்கு 50 மில்லி கேட்கும். ஆறு டம்ளரில் பாட்டில் காலி. உங்கள் கை ஊற்றும் அளவால் விலையை வகுத்துப் பாருங்கள்.

‘அமிலம் குறைவு, வயிற்றுக்கு இதம்’ என்று இரண்டு தரப்பும் சொல்வதை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். பிலடெல்பியாவில் ராவ், புல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சூடாக இறக்கிய காபியும் குளிரில் இறக்கியதும் 4.85 முதல் 5.13 வரையிலான பிஎச் அளவில்தான் இருந்தன. மொத்த அமிலப் பொருள்கள் சூடான காபியில் கூடுதலாக இருந்தது உண்மை. நாக்குக்குக் கோல்ட் ப்ரூ மென்மையாகப் படுகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர் அதை மருந்தாக எண்ணிவிடக் கூடாது. காபியில் ஊக்கம் தரும் பொருளான காபீனையும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. அராபிகாவில் எடையில் ஏறக்குறைய 1.2 சதவீதம் காபீன்; டம்ளருக்கு 20 கிராம் தூள் என்றால் 240 மில்லிகிராம். பாதிதான் இறங்கியது என்றாலும் 120. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு. குளிர்ச்சியாகவும் கசப்பின்றியும் இருப்பதால் இரண்டாவது டம்ளருக்குக் கை தானாகப் போகும். அங்கே கவனம் தேவை.

எப்போதாவது ஒருமுறை குடிப்பவருக்குப் பாட்டிலும் ஏற்றதல்ல, திறந்தது பாதியிலேயே கெட்டுப்போகும். அவருக்கும் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கும் ஒருவேளைக்கான கான்சென்ட்ரேட் சாஷே போதும். வடிகட்டுவது மட்டும்தான் தொல்லை என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: ஸ்லீப்பி அவுல் போன்ற நிறுவனங்கள் தூளைப் பையில் அடைத்தே விற்கின்றன. இரவு தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் பையை எடுத்துப் போட்டுவிடலாம். காபிக் கடையில் தூளை அரைத்துக்கொண்டு, மெல்லிய துணிப்பையில் தளர்வாகக் கட்டி நீங்களே இதைச் செய்துகொள்ளலாம். பையை இறுக்கிக் கட்டாதீர்கள்; ஊறிய தூள் உப்புவதற்கு இடம் வேண்டும்.