ஸ்டீல் பாரா, ஃபேட் பாரா?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பைக் ஹேண்டில்பார் தேடும், மண்பாதையில் ஓட்டும் ட்ரெயில் ஓட்டிகளுக்கு வரும் குழப்பம்: 22 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீலா, நடுவில் 28.6 மி.மீ. தடித்த அலுமினிய ஃபேட் பாரா?

செலவு: வண்டியில் 22 மி.மீ. கிளாம்ப் (பாரை நடுவில் இறுக்கிப் பிடிக்கும் பிடி) இருந்தால் ஸ்டீல் அப்படியே உட்காரும். ஃபேட் பாருக்கு 28.6 கிளாம்பும் வாங்க வேண்டும். பார் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

கீழே விழுந்தால்: ஸ்டீல் வளையும், ஆனாலும் வீடு வரை ஓட்டிவிடலாம். ஃபேட் பார் நடுவில் தடிமன் என்பதால் சின்ன விழுதல்களைத் தாங்கும். ஆனால் வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தவே கூடாது. விரிசல் விட்டு, ஓடும்போதே ஒடியலாம். ஆழமான கீறல் விழுந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பொருத்துதல்: பிடிப் பகுதி இரண்டிலும் 22 மி.மீ.தான், பழைய லீவர், க்ரிப் பொருந்தும். சிக்கல் சுவிட்ச் பெட்டியில். அது சுழலாமல் தடுக்கும் உள்முளைக்குக் கம்பெனி ஸ்டீல் பாரில் துளை இருக்கும், ஃபேட் பாரில் பெரும்பாலும் இருக்காது. அலுமினியத்தில் துளை போட்டுப் பலவீனமாக்குவதைவிட முளையை அரத்தால் தேய்ப்பதே நல்லது. புது பாரின் உயரம் கூடினால், இருபுறமும் முழுதாகத் திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள்; திருப்பும்போது ஆக்சிலரேட்டர் தானாக ஏறவே கூடாது.

தினமும் ஆபீஸ், எப்போதாவது மண்பாதை என்றால் ஸ்டீல். வாராவாரம் பாறையில் விழுந்து எழுபவர் ஃபேட் பார் வாங்கலாம்.