நாலு ஃபேன் மாற்றியும் அடங்காத சத்தம்: கேமிங் பிசி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கேமிங் பிசியில் ஃபேன் சத்தம் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், எந்த ஃபேன் சத்தம் போடுகிறது என்று கடைக்காரர் தொட்டுக் காட்டும்வரை எதையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். தஞ்சாவூரில் ஒரு சர்வீஸ் கடையில் 4,800 ரூபாய் கொடுத்து, நல்ல ஃபேன்களைப் பறிகொடுத்து, பழைய சத்தத்தோடு புதுச் சத்தத்தையும் வாங்கி வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு நீடாமங்கலம் பக்கம், நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே. தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் நெல் வந்து குவியும். தூற்றும் இயந்திரம் ஓட ஓடப் பதரும் சுணையும் தெருவெல்லாம் பறக்கும். ஜன்னலைச் சாத்தினாலும் கேபினெட்டுக்குள் ஒரு படலம் ஏறிவிடும். இந்த முறை அறுவடை முடிகிற நேரத்தில், சிஸ்டத்தை ஆன் செய்ததுமே கரகரவென்று சத்தம். கேம் எதுவும் திறக்கவில்லை, வெறும் டெஸ்க்டாப் திரைதான்.

இதைக் கடையில் தெளிவாகவே சொன்னேன். அவர் பக்கவாட்டுக் கதவைக்கூடக் கழற்றவில்லை. காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் போயிடுச்சு. அது தனியா கிடைக்காது. கார்டை எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு மேல ஒரு பதினெட்டாயிரம் குடுங்க" என்றார். பச்சைப் பொய். இப்போது வருகிற பல கார்டுகளைப் போல என் கார்டும் சூடு ஏறாதவரை ஃபேனைச் சுற்றவே சுற்றாது. ஏறத்தாழ 50, 60 டிகிரி தாண்டினால்தான் கிளம்பும். நிற்கிற ஃபேன் எப்படி அண்ணே கரகரக்கும் என்று கேட்டேன். "அப்ப கேபினெட் ஃபேனா இருக்கும், நாலையும் மாத்திடலாம். சத்தம் வந்தா காசே வேணாம்" என்று ஒரே மூச்சில் வைத்தியத்தை மாற்றிக்கொண்டார். அந்த வாக்கை நம்பித்தான் விட்டுவிட்டு வந்தேன்.

திரும்ப வாங்கும்போது கடையில் டிவி அலறிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் மாட்டினால் அரவை மில் மாதிரி ஓயாத இரைச்சல். அதற்கடியில் அதே கரகர.

கதவைக் கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நாலு கம்பி இருந்த என்னுடைய ஃபேன்கள் போய், மூன்றே கம்பி உள்ள, பெயரே இல்லாத ஃபேன்கள் உட்கார்ந்திருந்தன. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நாலாவது கம்பி வழியாகத்தான் மதர்போர்டு "மெதுவாகச் சுற்று" என்று ஃபேனுக்குச் சொல்லும். மூன்று கம்பி ஃபேனுக்கு அந்த வழி கிடையாது. வோல்டேஜைக் குறைத்தால்தான் வேகம் குறையும். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) அந்த இணைப்பு பிடபிள்யூஎம், அதாவது நாலாவது கம்பி வழிக் கட்டுப்பாடு என்று இருந்தால் அதற்கு எப்போதும் 12 வோல்ட் போகும், முழு வேகத்தில் சுற்றும். டிசி, அதாவது வோல்டேஜ் வழிக் கட்டுப்பாடு என்று மாற்றினேன், இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஃபேன் மாற்றுகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

அப்புறம் அந்தக் கரகர. சிஸ்டம் ஓடும்போதே ஒவ்வொரு ஃபேனின் நடுக்குமிழை மட்டும் விரல் நுனியால் ஒரு நொடி மெல்ல அழுத்தி நிறுத்திப் பார்த்தேன். இறக்கையைத் தொடக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸை (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பிராசஸர் கூலரின் ஃபேனை நிறுத்தியதும் சத்தம் நின்றது. பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த ஃபேனை அவர் தொடவே இல்லை. அதன் பின்னால் இருக்கும் ஹீட் சிங்க் (பிராசஸர் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) இடுக்கெல்லாம் சுணையும் தூசும் அடைத்துக் கிடந்தன. பிராசஸர் சூடேறி ஃபேன் அடித்துப் பிடித்து ஓடியதற்கு அதுதான் காரணம். சிஸ்டத்தை அணைத்து, ப்ளோயர் அடித்து (அடிக்கும்போது இறக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்), பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்து, ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வாங்கி மாட்டினேன். ஆயிரத்துக்குள் முடிந்தது.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "உங்க ஊர்ல வோல்டேஜ் சரியில்ல தம்பி" என்றார். பழைய ஃபேன்கள்? "அதெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு." நல்ல நிலையில் இருந்த ஆர்ஜிபி (வண்ண விளக்கு) ஃபேன்களை எந்தக் கடைக்காரர் குப்பையில் போடுவார்? பில்லாகக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. முறையான பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே சரிப்படாவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை தஞ்சாவூரில் இருந்தாலும் நான் குடியிருக்கிற திருவாரூர் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. யூபிஐயில் பணம் போன விவரம், துண்டுச் சீட்டு, அந்த மூன்று கம்பி ஃபேன்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. என் பழைய ஃபேன்களைக் கொடுத்துவிட்டால் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். அண்ணன் இன்னும் குப்பைக் கதையிலேயே நிற்கிறார்.