கார்டை மூடிட்டோம் என்று போனில் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

பயன்படுத்தாத கிரெடிட் கார்டை மூட நினைப்பவர்கள் போனில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். வங்கியின் பெயரை எழுதப் போவதில்லை. விசாரித்தவரையில், மூடிட்டோம் என்று சொல்லிவிட்டு மூடாமல் விடும் இந்த வித்தை ஒரே ஒரு வங்கிக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டிச்சேரியில். நேரு வீதிப் பக்கம் ஒரு கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் கட்டிய கார்டு இது. "லைஃப்டைம் ஃப்ரீ சார், சும்மா பர்ஸ்ல கெடக்கட்டும்" என்றார்கள். கொடுத்த நோட்டீஸிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. மறு வருடம் ஸ்டேட்மென்ட் வருகிறது: ஆண்டுக் கட்டணம் 499, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 588 ரூபாய் 82 காசு.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, கட்டணத்தை எடுத்துவிட்டுக் கார்டையும் மூடுங்கள் என்றேன். அவ்வளவு பவ்யமாகப் பேசினார் அந்தப் பையன். "ஃபீஸை ரிவர்ஸ் போட்டுட்டேன் சார், க்ளோஸிங்கும் போட்டாச்சு. இனி இந்த பில்லை நீங்க பார்க்கவே வேணாம்." அடுத்த ஸ்டேட்மென்டில் அதே 588 ரூபாயோடு தாமதக் கட்டணமும் சேர்ந்து வந்தது. மறுபடி கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: வாடிக்கையாளர் கார்டைத் தொடரச் சம்மதித்தார் என்று குறித்து, என் கோரிக்கையையே முடித்து வைத்திருக்கிறார்கள். மூடியது கார்டை இல்லை, புகாரை!

கிளைக்குப் போனால், கார்டு பிரிவு வேறு, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். கார்டை வெட்டி, கடிதத்தோடு சென்னைக்குத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். இது விதிக்கே விரோதம். ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கார்டு விதிகளின்படி, மூடும் கோரிக்கையைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வங்கி வற்புறுத்தக் கூடாது. இமெயில், ஆப், இணையதளம், ஹெல்ப்லைன் என்று எதில் கேட்டாலும் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால், மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. பாக்கி எதுவும் இல்லாத கார்டுக்குத்தான் இந்த 500 ரூபாய். அதனால் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்த ஆண்டுக் கட்டணத்தையே பாக்கி என்று காட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள். பாக்கி நிற்க நிற்க, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோரும் அடி வாங்கும். எனவே, எரிச்சலாக இருந்தாலும் முதலில் பணத்தைக் கட்டிவிடுங்கள். "ஆட்சேபத்துடன் கட்டியிருக்கிறேன், திருப்பித் தரவும், கார்டை மூடவும்" என்று அன்றைக்கே இமெயில் போடுங்கள். நானும் அதைத்தான் செய்தேன். அப்போதுதான் அந்த 7 நாள் கணக்கு நமக்குச் சாதகமாக ஓடத் தொடங்கும். அதற்கு முன் அந்தக் கார்டில் ஓடிடி சந்தா, இன்சூரன்ஸ் மாதிரி தானாகப் பிடிக்கும் பணம் எதுவும் இருந்தால் மாற்றிவிடுங்கள். ரிவார்டு பாயின்ட் இருந்தால் செலவழித்துவிடுங்கள்.

சரி, சும்மா கிடக்கும் கார்டை எல்லாம் மூடிவிட வேண்டுமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு கார்டில் ஒரு லட்சம், இன்னொன்றில் 50 ஆயிரம் லிமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 30 ஆயிரம் செலவு செய்தால், மொத்த லிமிட்டில் 20 சதவீதம்தான். லட்ச ரூபாய் கார்டை மூடினால் அதே செலவு 60 சதவீதமாகிவிடும். லிமிட்டில் இவ்வளவு பெரிய பங்கைச் செலவழித்தாலே ஸ்கோர் இறங்க அது போதும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கடன் கைக்கு வரும்வரை எதையும் தொடாமல் இருப்பது நல்லது. கட்டணமே இல்லாத பழைய கார்டு இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும், எப்போதாவது பெட்ரோலுக்குத் தேய்த்தால் போதும். ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் விட்டால், தகவல் சொல்லிவிட்டு, 30 நாளில் நம்மிடமிருந்து பதில் வராவிட்டால் வங்கியே மூடிவிடலாம் என்றும் விதி இருக்கிறது. என் கார்டுக்கு லிமிட்டும் சொற்பம், கட்டணமும் தண்டம். மூடுவதில் எனக்கு யோசனையே இல்லை.

இமெயிலுக்கும் நழுவல் பதில்தான் வந்தது. முறையாகப் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், சந்தேகம் என்றால் 14448-ல் கேட்கலாம். அங்கே புகார் பதிவான பிறகு வங்கியில் இருந்து வந்த போனில் குரலே வேறு மாதிரி இருந்தது. கார்டு மூடப்பட்டது, இரண்டு கட்டணமும் திரும்பி வந்தன. நிலுவை இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கிவிட்டேன். அப்புறம், வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை எடுத்து, 'மூடப்பட்டது' என்று ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

நாளுக்கு 500 ரூபாய் வீதம் வர வேண்டிய பணத்துக்கு மட்டும் பதிலாக ஒரு கிஃப்ட் வவுச்சர் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அந்தப் பகுதி இன்னும் குறைதீர்ப்பாளரிடம்தான் இருக்கிறது.