புது வீரரின் எண்ணோடு ஒரு கர்ன்சி: எதை, எப்போது வாங்கலாம்?

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலில் ஒரு கிளப்புக்குப் புது வீரர் வந்து சேர்ந்தால், ரசிகர்கள் பலரும் அவரை வரவேற்பது அவருடைய எண் பதித்த கர்ன்சியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்த்தான். கைப்பகுதி இல்லாத அந்த ஜெர்சிக்கு அங்கே கர்ன்சி என்று பெயர். ஆங்கிலக் கால்வாயிலுள்ள கர்ன்சி தீவு மீனவர்களின் கம்பளிச் சட்டையிலிருந்து வந்த சொல் அது. அணியில் இடம் பிடித்தவரை 'கர்ன்சி கிடைத்துவிட்டது' என்றே சொல்வார்கள். பெரியவர்களுக்கான கர்ன்சி நூறு ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். அந்த விலைக்குத் தகுந்த பொருள்தான், ஆனால் அவசரப்பட்டு வாங்கினால் பணம் வீண்.

வீணாவது பெரும்பாலும் எண்ணால்தான். ஐரோப்பியக் கால்பந்து ஜெர்சிபோல இதன் முதுகில் வீரரின் பெயர் போடும் வழக்கமில்லை. எண் ஒன்றுதான் அடையாளம். அந்த எண்ணோ, வீரர் கிளப் மாறும்போது கூடவே வரும் என்று சொல்ல முடியாது. ஜீலாங் கிளப்பையே பாருங்கள். பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டு அடிலெய்டில் 32, ஜீலாங்கில் 35. ஜெரமி கேமரன் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியில் 18, ஜீலாங்கில் 5. பெய்லி ஸ்மித் வெஸ்டர்ன் புல்டாக்ஸில் 6, ஜீலாங்கில் 3. கேரி ஆப்லெட் ஜூனியர் ஜீலாங்கில் 29 போட்டு ஆடியவர், கோல்டு கோஸ்டில் 9 போட்டார், 2018-இல் பழைய கிளப்புக்கே திரும்பியபோது 4-க்கு மாறினார். லான்ஸ் ஃபிராங்க்ளின் ஹாதோர்னில் போட்ட 23-ஐயே 2014-இல் சிட்னி ஸ்வான்ஸிலும் போட்டது வேறு கதை. போகிற இடத்தில் அந்த எண் காலியாக இருந்தால்தான் அப்படி வாய்க்கும்.

டிராஃப்டில், அதாவது கிளப்புகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், வரும் இளைஞர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்கு முதலில் பெரிய எண்ணாகக் கொடுத்துவிட்டு, மூத்தவர் யாராவது ஓய்வு பெற்றதும் சின்ன எண்ணுக்கு மாற்றுவது உண்டு. டஸ்டின் மார்ட்டினும் ரிச்மண்டில் 36-இல் தொடங்கிப் பிறகு 4-க்கு மாறினார். தந்தை ஆடிய கிளப்பிலேயே மகனும் சேரும்போது, தந்தையின் எண்ணையே போடுவதும் உண்டு. நிக் டேய்கோஸ் காலிங்வுட்டில் போட்டிருக்கும் 35, அவருடைய தந்தை பீட்டர் டேய்கோஸின் எண்.

ஆகவே கால வரிசையைப் பார்த்து வாங்குங்கள். இறுதிப் போட்டி வழக்கமாகச் செப்டம்பர் கடைசி சனிக்கிழமை. வீரர்கள் கைமாறும் டிரேடு காலம் அக்டோபரில், டிராஃப்ட் நவம்பரில். எண்களை கிளப் தன் தளத்தில் உறுதியாக அறிவித்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இன்னொன்று: அக்டோபரில் தள்ளுபடியில் கிடைப்பது போன சீசன் சரக்கு. ஸ்பான்சர் முத்திரையோ தயாரிப்பு நிறுவனமோ அடுத்த ஆண்டு மாறினால் புது வீரர் ஒருநாளும் போடாத கர்ன்சியில் அவர் எண் இருக்கும். அது பரவாயில்லை என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், துணி ஒன்றுதான். பழங்குடி மக்களைக் கௌரவிக்கும் சர் டக் நிக்கோல்ஸ் ரவுண்டுக்காகப் பழங்குடி ஓவியர்கள் வரையும் கர்ன்சிகள் கண்ணைப் பறிப்பவை. ஆனால் வரவேற்புக்கு முதலில் வாங்க வேண்டியது சொந்த மைதானத்தில் போடும் வழக்கமான கர்ன்சிதான்.

அளவில் இரண்டு வகை உண்டு. வீரர்கள் போடும் வகை உடம்போடு ஒட்டி நிற்கும். பிடித்து மடக்க வரும் எதிரணி வீரனின் கைக்குத் துணி சிக்கக் கூடாது என்பதற்காக அப்படித் தைக்கிறார்கள். ரசிகர் வகை தளர்வானது. சீசன் மார்ச்சில் தொடங்கி மெல்பர்ன் குளிர்காலம் முழுக்க நீள்வதால் உள்ளே ஹூடி போடாமல் இருக்க முடியாது. ஹூடியைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்துகொள்ளுங்கள். கர்ன்சி அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் சரி. இல்லையென்றால் கைத்துளையின் விளிம்புப் பட்டை தோளில் இறுக்கும், முதுகில் எண் வளைந்து தெரியும். வீரர் வகைதான் வேண்டும் என்றால் ஒரு அளவு கூட்டி எடுங்கள், அல்லது முழுக்கை வகையைக் கேளுங்கள்.

எண் பதிப்பதில்தான் கடைக்குக் கடை தரம் வேறுபடுகிறது. துணி பாலியெஸ்டர், நிறம் துணிக்குள்ளேயே ஏற்றியது. அதன் மேல் வினைல் என்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய எண்ணைச் சூட்டில் அழுத்தி ஒட்டுகிறார்கள். சூடு கூடினால் துணியின் சாயம் மேலேறி வெள்ளை எண்ணுக்குள் ஊறும். சிவப்புத் துணியில் எண் இளஞ்சிவப்பாகும், கருநீலத்தில் சாம்பல் தட்டும். அன்றைக்கே தெரியாது, சில நாளில் தெரியும். 'சாயம் தடுக்கும் அடுக்கு உள்ள வினைலா, குறைந்த சூட்டில் ஒட்டுவதா?' என்று முன்பே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் கொடுக்காதீர்கள். சூடு குறைந்தாலும், தையல் கோட்டின் மேல் எண் உட்கார்ந்தாலும் ஓரம் ஒட்டாது. வாங்கும்போதே எண்ணின் மூலைகளைத் துணியோடு சேர்த்து மெல்ல இழுத்துப் பாருங்கள். 4, 7 போன்ற கூர்மூலை எண்கள்தான் முதலில் பிரியும். 8, 0 நீடிக்கும். தைத்த எண் இன்னும் உறுதி, ஆனால் மெல்லிய துணியைக் கீழே இழுத்துச் சுருக்கும். அது பழைய கம்பளிக் கர்ன்சிக்குப் பொருந்தியது. இன்றைய துணிக்கு வினைலே மேல்.

ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கத் துவைக்க வேண்டாம். பிறகு உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், சாஃப்ட்னர் இல்லாமல் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். உலர்த்தும் இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் எண்ணுக்கு எமன்.

ஒரே கிளப்பில் ஆண்கள் அணியில் ஒருவரும் பெண்கள் அணியில் ஒருவரும் ஒரே எண்ணைப் போடுவதால், ஒரு கர்ன்சி இரண்டு பேருக்கும் வரவேற்பாகும். பெண்களுக்கான லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூ 2017-இல் தொடங்கியது. இரண்டு சீசனுக்கும் இதையே போட்டுப் போகலாம் என்பதால் கொடுத்த காசு இன்னும் நன்றாகவே உழைக்கும்.

திறந்த பயிற்சி நாளில் கையெழுத்து வாங்குவதென்றால், உள்ளே அட்டை வைத்துத் துணியை இழுத்துப் பிடித்து, வெளிர் நிறப் பகுதியில், மெல்லிய முனையுள்ள அழியாத மார்க்கரால் வாங்குங்கள். வினைல் எண்ணின் மேல் போட்ட கையெழுத்து உரசலில் மங்கிவிடும். அதன்பின் அந்தக் கர்ன்சியைத் துவைக்கக் கூடாது, எனவே அணிவதற்கு வேறொன்று தேவை.

வீரர் வேறு கிளப்புக்குப் போய்விட்டால் எண்ணை உரித்து வேறு எண் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பசையும் சூடும் பட்ட இடம் பளபளப்பாகவே நிற்கும். புது எண்ணுக்கு அடியில் பழைய எண் தெரியும்.