வேர்க்கால்வாயைக் கழுவ எந்தத் திரவம்?

யாழ்ப்பாணத்தில், பல்லின் வேருக்குள் ஓடும் குழியைச் சுத்தம் செய்யும் வேர்க்கால்வாய்ச் சிகிச்சைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தவர்கள், வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குக் குளோரின் போட்டது போல மணக்கிறதே என்று கேட்பதுண்டு. அவர்களுடைய மூக்கு பிழைவிடவில்லை. கிணற்றிலும் பல்லிலும் கிருமியைக் கொல்வது குளோரின் சேர்மமான ஹைப்போகுளோரைட்தான்.

கால்வாய் நேரான குழாயன்று. கிளைகளும் ஒடுங்கிய இடுக்குகளும் கொண்டது. பைல் என்னும் ஊசி போன்ற அரத்தால் எவ்வளவு கவனமாக இழைத்தாலும் சுவரின் மூன்றிலொரு பங்குக்கும் மேல் அதன் கூர் படாமலே எஞ்சக்கூடும் என, பல்லின் உட்புறத்தை மிக நுணுக்கமாகக் காட்டும் நுண் சி.ரி. எக்ஸ்கதிர்ப் படங்கள் காட்டியுள்ளன. அந்த மிச்சத்தைச் சுத்தம் செய்வது திரவத்தின் பொறுப்பு. சாதாரண உப்புநீரான சேலைன் தூளை அள்ளிக்கொண்டு வருமே தவிர, கிருமியைக் கொல்லாது. இறந்த திசுவையும் கரைக்காது. ஆகவே அதை முதன்மைத் திரவமாகக் கொள்ள முடியாது.

சோடியம் ஹைப்போகுளோரைட் இவ்விரண்டையும் செய்கிறது. முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ வேதியியலாளர் டேக்கின் பயன்படுத்திய கரைசல் ஏறத்தாழ 0.5 சதவீதம்; பல் மருத்துவத்தில் இன்று 0.5 முதல் 6 சதவீதம் வரை பயன்படுகிறது. செறிவு கூடினால் திசு விரைவாகக் கரையும். ஆனால் வேரின் நுனியைத் தாண்டி வெளியேறினால் கடும் வலியும் வீக்கமும் கண்டலும் அதற்கேற்பக் கூடும். திசுவோடு வினைபுரியும்போது திரவம் நுரைத்துக் கலங்கி வலுவிழப்பதால், குறைந்த செறிவையே அடிக்கடி புதிதாக மாற்றி, நுரை அடங்கித் தெளியும்வரை கழுவுவதை நான் விரும்புகிறேன். பக்கவாட்டில் துளையுள்ள மெல்லிய ஊசியை நுனிக்கு 1 அல்லது 2 மில்லிமீற்றர் மேலே நிறுத்தி, சுவரில் இறுகாமல் மேலும் கீழும் அசைத்தபடி மெதுவாகவே அழுத்த வேண்டும். வெப்பமும் வெளிச்சமும் இக்கரைசலின் வலுவைக் குறைப்பதால், எங்கள் சித்திரை வெயிலில் யன்னலோரம் வைத்திருந்த போத்தலின் லேபலில் உள்ள சதவீதத்தை நம்பலாகாது.

பைல் இழைக்கும்போது சுவரில் படியும் சுண்ணத் தூள் கலந்த பூச்சை ஹைப்போகுளோரைட்டால் அகற்ற முடியாது. அதற்கு வேண்டியது கல்சியத்தைப் பிணைக்கும் வேதிப்பொருளான ஈடிடிஏயின் 17 சதவீதக் கரைசல். சுண்ணக்கல்லில் ஊறிய எங்கள் கிணற்று நீர் கேத்திலின் அடியில் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவிலும் பல்லிலும் உள்ள கல்சியத்தையே அது பற்றி இழுக்கிறது. இறுதியில் ஒரு நிமிடம் போதும். பத்து நிமிடம் விட்டால் பல்லின் சுவரே அரிக்கப்படும். ஹைப்போகுளோரைட்டுடன் கலந்தால் அதன் குளோரினைக் குறைத்துவிடுவதால், ஈடிடிஏ அதற்குத் துணையாகப் பின்னால் வரவேண்டிய திரவமே.

மற்றொரு கிருமிநாசினியான 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் மணம் குறைந்தது, திசுவை எரிக்காதது, சுவரில் ஒட்டி நின்று நெடுநேரம் கிருமியைத் தடுப்பது. இவ்வளவு இருந்தும் இறந்த திசுவை அது கரைப்பதில்லை என்ற குறை பெரிது. ஹைப்போகுளோரைட் மிஞ்சியிருக்கும் கால்வாயில் அதை விட்டால் செம்மண் நிறத்தில் ஒரு படிவு உடனே திரண்டு, நுண்துளைகளை அடைத்துப் பல்லையும் கறையாக்கும். எனவே ஹைப்போகுளோரைட் ஒவ்வாத நோயாளிக்கும், நுனி அகலத் திறந்திருக்கும் வேருக்கும் மட்டுமே அதை எடுக்கிறேன். இடையில் மாற்ற நேர்ந்தால் முதலில் சேலைனால் கழுவி, ஈரத்தை உறிஞ்சக் கால்வாய்க்குள் விடும் கடதாசி முனைகள் ஈரமின்றி வெளிவரும்வரை உலர்த்துகிறேன்.