டெல்டிக்: முன்மாதிரியா, 55002-ஆ?

பிரிட்டனின் தேசிய ரயில்வே சேகரிப்பில் டெல்டிக் டீசல் ரயில் இன்ஜின்கள் இரண்டு உண்டு: முதலில் சோதனைக்காகக் கட்டிய முன்மாதிரி, பிறகு வந்த 55002 என்ற எண்ணுள்ள இன்ஜின். இரண்டுக்கும் உயிர் ஒன்றுதான்: தலா இரண்டு 18 சிலிண்டர் நேப்பியர் நிறுவன டீசல் மோட்டார்கள், மொத்தம் 3,300 குதிரைத்திறன். முக்கோணமாக அடுக்கிய சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்கள், மூலைக்கொரு கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு). கடற்படைப் படகுகளுக்காகப் பிறந்த அமைப்பு இது.

அழகு என்றால் முன்மாதிரிதான். வெளிர்நீல உடல், புடைத்த மூக்கு, அதில் பெரிய விளக்குக் கூடு. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் சொந்த முயற்சியில் 1955-ல் கட்டியது. 1963-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

55002 அப்படியல்ல. 1961–62-ல் வந்த 22 இன்ஜின்களில் ஒன்று. லண்டன்–எடின்பரோ பாதையில் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் இருபது ஆண்டுகள் உழைத்தது. ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால், என் ஓட்டு இதற்கே.