மசேக்கா மாவும் வீட்டு டோஸ்டாடாவும்

மசேக்கா என்ற பொட்டலத்துச் சோள மாவின் பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கும் மெக்ஸிகோக்காரர்கள் உண்டு. சான் அன்டோனியோவில் என்னோடு வேலை பார்க்கும் மொன்டெர்ரேக்காரர் ஒருவர் அந்த ரகம். பொட்டலத்து மாவில் டோர்ட்டியா என்ற சோள ரொட்டி சுடுவதும் ஒன்று, சுடாமலே இருப்பதும் ஒன்று என்பார். மென்மையான டோர்ட்டியா விஷயத்தில் அவரோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் டோர்ட்டியாவை மொறுமொறுவென்று பொரித்தெடுக்கும் டோஸ்டாடாவுக்கு இந்த மாவு தாராளமாகப் போதும் என்பது என் கட்சி.

அவர் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க அதிலேயே ஊறவிட்டு, மறுநாள் தோல் போகக் கழுவி, ஈரமாக அரைப்பதுதான் பழைய முறை. அரைத்து வருவது மாசா. அந்தச் சுண்ணாம்பு இல்லையென்றால் சோள மாவு ஒட்டாது, தட்டினால் விண்டு போகும். சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தை உடம்புக்கு எட்ட வைப்பதும் அதுதான். சோளம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது இந்த முறை கூடவே போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா நோய் வந்தது இதனால்தான்.

ஈர மாசா சீக்கிரம் புளித்துவிடும். அதை உலர்த்திப் பொடியாக்கி விற்கும் தொழிலை 1949ல் வடக்கு மெக்ஸிகோவின் செர்ரால்போ என்ற ஊரில் ஒரு அப்பாவும் மகனுமாகத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய க்ரூமா (Gruma) நிறுவனம், அதன் மாவுதான் மசேக்கா. உலர்த்துவதில் வாசனை கொஞ்சம் குறையும், எந்த நிறுவனத்து மாவாக இருந்தாலும் சரி. சுட்டதும் அப்படியே சாப்பிடும் டோர்ட்டியாவில் அது தெரியும். டோஸ்டாடா அப்படியா? எண்ணெயில் பொரிந்து, பீன்ஸைச் சுமந்து, சல்சாவில் நனைந்து வருகிற பண்டம். அதை யாரும் மடிக்கப் போவதும் இல்லை. உலர் மாவு டோர்ட்டியா ஆறினால் மடிப்பில் விரிசல் விடும் என்கிற குறை இங்கே குறையே இல்லை.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். சோள மாவை இலையில் பொதிந்து அவிக்கும் தமாலுக்கென்று தனியாக, கொஞ்சம் கரகரப்பாக அரைத்த மாவும் அதே அலமாரியில் இருக்கும். நமக்கு வேண்டியது டோர்ட்டியா என்று போட்டது. நம் ஊரில் இருப்பவர்கள் கடையில் கார்ன் ஃப்ளோர் என்று கேட்டால் சூப்பைக் கெட்டியாக்கும் வெள்ளை மாவைத் தருவார்கள். ரொட்டி தட்டுகிற மஞ்சள் மக்காச்சோள மாவிலும் சுண்ணாம்பு வேலை நடந்திருக்காது. இரண்டும் உதவாது. பொட்டலத்தில் மாசா ஹரினா என்று இருக்க வேண்டும்.

2 கப் மாவு, கால் ஸ்பூன் உப்பு, 1½ கப் வெதுவெதுப்பான தண்ணீரில் தொடங்குகிறேன். பிசைந்து ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விட்டால் மாவு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பதம் இடியாப்ப மாவைவிடச் சற்று இளக்கம். ஓர் உருண்டையை அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் கையைத் தண்ணீரில் நனைத்து இன்னும் பிசையுங்கள்.

அப்புறம் உருண்டையை வட்டமாகத் தட்டையாக்கும் அழுத்துகருவி. முதலில் இணையத்தில் வாங்கிய அலுமினியக் கருவியின் கைப்பிடி சீக்கிரமே வளைந்து போனது. பணத்தைத் திருப்பித் தரச் சொன்னதற்கு, அதிகமாக அழுத்திவிட்டீர்கள் என்று பதில். அழுத்தத்தானே ஐயா வாங்கினேன்! இப்போது இருப்பது 8 அங்குல வார்ப்பிரும்பு. கனம், தூக்கி வைக்க அலுப்பு, ஆனால் தன் எடையிலேயே பாதி வேலையை முடித்துவிடும். எதுவானாலும் உள்ளே பிளாஸ்டிக் தாள் இரண்டு வேண்டும், உறைய வைக்கும் பையை வெட்டிக்கொண்டால் போதும். கருவியே வேண்டாம் என்றால் அடி தட்டையான கனமான சட்டி போதும்.

காய்ந்த கல்லில் இரண்டு பக்கமும் சுடுங்கள். உப்பினால் கரண்டியால் அமுக்கிவிடுங்கள். டோர்ட்டியாவுக்குப் பெருமையான உப்பல் டோஸ்டாடாவுக்கு எதிரி. அடுத்து வருகிற பொறுமைதான் முக்கியம்: கம்பித் தட்டில் பரப்பி விறைப்பாகும்வரை காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் குடித்துத் தோலாகும். காய்ந்ததை 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் போட்டால் ஒன்றிரண்டு நிமிடம், சலசலப்பு அடங்கும்போது எடுத்துச் செங்குத்தாக நிறுத்தி வடியவிடுங்கள். அடுப்பறை ஓவனிலும் செய்யலாம். மொறுமொறுப்பு வரும், ருசி பாதிதான் வரும்.

மெக்ஸிகோவின் ஹாலிஸ்கோ மாநிலப் பக்கம் ரஸ்படா என்று ஒன்று உண்டு. பாதி சுட்ட டோர்ட்டியாவின் ஒரு பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காயவைப்பார்கள். மெலிசாக, சொரசொரப்பாக இருக்கும். வீட்டில் முயன்றால் கிழியும், அதைக் கடையில் வாங்குவதே மேல்.

சரி, கடையில் அட்டைப் பெட்டியில் வருகிற தயார் டோஸ்டாடா இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? எலுமிச்சையில் ஊறிய மீன் செவிச்சேவுக்கு அதுவே சரி. மெக்ஸிகோவின் எந்செனாடா ஊரில் பேர்போன லா கெர்ரெரென்சே தள்ளுவண்டியில் கடல் உணவு டோஸ்டாடாதான் விசேஷம். அங்கே அடித்தட்டு அடக்கி வாசிக்க வேண்டும், மேலே இருக்கும் மீனும் நண்டும்தான் பேச வேண்டும். பீன்ஸ் டோஸ்டாடாவில் கதை வேறு. பன்றிக் கொழுப்பிலோ எண்ணெயிலோ வதக்கி மசித்த பிண்டோ பீன்ஸ், அதன்மேல் சிப்போட்லே மிளகாயும் தக்காளியும் வெங்காயமும் சேர்த்த புவெப்லா ஊர்க் கோழி டிங்கா, லெட்யூஸ், கிரெமா என்ற மெக்ஸிகோ க்ரீம், உதிர்த்த வெள்ளைச் சீஸ் என்று ஏற்றும்போது, மெலிசான பெட்டி டோஸ்டாடா இரண்டாவது கடியில் மடியில் விழும். வீட்டுத் தட்டு கொஞ்சம் தடிமன், தாங்கும். பீன்ஸைக் கெட்டியாக வைத்து ஓரம்வரை தடவுங்கள். சாறு கீழே இறங்காது, மேலே இருப்பதும் சரியாது.

டோஸ்டாடா விஷயத்தில் மசேக்காவுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். டோர்ட்டியாவை மடித்துச் சாப்பிடும் மென்மையான டாக்கோ வேண்டிய நாளில் டோர்ட்டியாக் கடைக்குப் போய் ஈர மாசா வாங்கி வருகிறேன், மொன்டெர்ரேக்காரர் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளட்டும். பொரித்தது மிஞ்சினால் நன்றாக ஆறியபின் டப்பாவில் அடைத்து வையுங்கள். சில நாள் தாங்கும், நமத்துப் போனால் ஓவனில் ஐந்து நிமிடம்.